ஒரு பெரும்போகம் கடக்கட்டும்: மட்டக்களப்பு, அம்பாறை நிறுவன நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும், கூட்டுறவுச் சங்க, ஆலய, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கிளவுட் கணக்குகளை, அதாவது அமேசன், மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனங்களிடம் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கிற சேர்வர்களின் கணக்குகளை, பராமரிக்கிற வேலையில் இருப்பவன் நான். களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று பல இடத்து நிறுவனங்களின் மாதாந்த பில்களைப் பார்க்கிறேன். இப்போது எங்கே போனாலும் ஒரே கட்டளைதான் காதில் விழுகிறது: "பாவிக்காத சேர்வரையெல்லாம் அழி, பில்லைக் குறை."

கட்டளை நியாயமானது. பில் டொலரில் வருகிறது, நமக்கு வருமானம் ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 அளவுக்கு ஏறியபோது, புதிதாக ஒரு சேர்வர்கூடச் சேர்க்காமலே எல்லாருடைய பில்லும் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. அந்த அடியிலிருந்து சின்ன நிறுவனங்கள் பல இன்னும் முழுதாக எழும்பவில்லை. ஆகவே பில்லைக் குறைக்க நினைக்கிற ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

என் கவலையெல்லாம் அந்தக் கட்டளை நிறைவேறுகிற விதத்தைப் பற்றியது. "மாத முடிவுக்குள் முடி" என்று நாள் குறித்து, அனுபவம் குறைந்த ஒரு தம்பியிடமோ தங்கச்சியிடமோ அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்து, சும்மா கிடப்பதாகத் தெரிகிற எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிறுத்துகிற வேலையை இந்தக் கிழமையே செய்யுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு போகம், அதாவது ஒரு நெல் விதைப்பும் அறுவடையும், கடக்க விடுங்கள்.

காரணத்தைச் சொல்வதற்கு முன், காசு எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். நிர்வாகிகள் பலர் நினைக்கிற இடத்தில் அது போவதில்லை.

"சேர்வரை நிறுத்திவிட்டோமே, பிறகும் ஏன் பில் வருகிறது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அமேசனில் ஒரு சேர்வரை நிறுத்தினால் அது ஓடுகிற நேரத்துக்கான கட்டணம் நிற்கும். அதோடு ஒட்டியிருக்கிற டிஸ்க்கின் வாடகை நிற்காது. அமேசனின் வேர்ஜீனியா நிலையத்தில் ஜிபி3 வகை டிஸ்க் ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 8 சதம். 100 ஜிகாபைட் டிஸ்க் ஒன்று மாதம் 8 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 2,400 ரூபாய், வருடத்துக்கு 29,000 ரூபாய்க்குக் கிட்ட. சேர்வரையே முழுதாக அழித்தாலும், பிறகு சேர்த்த இரண்டாவது டிஸ்க் வழமையாக அதோடு சேர்ந்து அழியாது. யாரோடும் ஒட்டாமல் தனியே கிடந்து வாடகை வாங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோசொப்ட்டின் அசூரில் இன்னொரு சிக்கல்: சேர்வருக்குள்ளே போய் ஷட்டவுன் கொடுத்தால் அது நின்றதாகத்தான் காட்டும், ஆனால் ஓடும் நேரத்துக் கட்டணமும் தொடர்ந்து ஏறும். வெளியே அசூரின் திரையிலிருந்து நிறுத்தினால்தான் கட்டணம் நிற்கும். அங்கேயும் டிஸ்க்குக்குத் தனிக் காசு.

அமேசனின் தரவுத்தள சேவையான ஆர்டிஎஸ்ஸை நிறுத்திவிட்டு ஆறுதலாக இருக்கிறவர்களுக்கு: அது 7 நாட்களில் தானாகத் திரும்ப ஓடத் தொடங்கும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நிறுத்தியவர் அதை மறந்துவிடுவார். மாத முடிவில் பில் மட்டும் பழைய அளவுக்குக் கிட்டவே வரும்.

பிறகு ஐபி முகவரி, இணையத்தில் ஒரு சேர்வரைக் கண்டுபிடிக்கிற எண். 2024 பெப்ரவரி 1ஆம் திகதியிலிருந்து அமேசன் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரைச் சதம் அறவிடுகிறது, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும். மாதம் மூன்றரை டொலருக்குச் சற்று மேல். சின்னத் தொகைதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு முகவரிகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கிற கணக்குகள் உண்டு. நாட் கேட்வே என்று ஒன்று இருக்கிறது, உள்ளே இருக்கிற சேர்வர்கள் வெளி இணையத்துக்குப் போக வழிவிடுகிற வாசல் அது. யாரோ ஒருவர் பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்து நெட்வேர்க் அமைக்கும்போது அதுவும் சேர்ந்து உருவாகிவிடும். வேர்ஜீனியா விலையில் மணிக்கு நாலரைச் சதம், அதாவது ஒரு பைட் தரவுகூடப் போகாமலே மாதம் 33 டொலர் அளவில், நம் காசில் 10,000 ரூபாய்க்குக் கிட்ட. பின்னால் ஒரு சேர்வரும் இல்லாமல் அது தனியே ஓடுகிற கணக்குகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கும். 

கண்ணுக்கே தெரியாதவையும் உண்டு. அமேசனின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பகத்தில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது இடையில் இணைப்பு அறுந்தால், ஏறிய துண்டுகள் அப்படியே இருக்கும். கோப்புப் பட்டியலில் அவை தெரியாது, பில்லில் சேரும். மழைக்காலத்தில் இங்கே இணைப்பு எத்தனை தடவை அறுகிறது என்று உங்களுக்கே தெரியும். பழைய பதிப்புகளைச் சேமிக்கிற வசதி போட்டிருந்தால், நீங்கள் அழித்த கோப்பு உண்மையில் அழியாது. அதன் மேல் ஓர் "அழிக்கப்பட்டது" அடையாளம் மட்டும் விழும், அடியில் எல்லாப் பதிப்புக்கும் வாடகை ஓடும். அமேசனின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வொட்ச்சில் சேர்கிற லொக் பதிவுகளுக்கு (சேர்வரில் நடந்தவற்றின் குறிப்புகளுக்கு)க் காலக்கெடு நீங்கள் போடாவிட்டால் அவை என்றைக்கும் அழியாது.

அதோடு, அமேசனின் சேர்வர்த் திரை ஒரு நேரத்தில் ஒரு பிராந்தியத்தைத்தான் காட்டும். மும்பையைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்கிறவருக்கு, முன்பு வேலை செய்தவர் சிங்கப்பூரிலும் வேர்ஜீனியாவிலும் திறந்துவிட்டுப் போனவை தெரியாது. ஆகவே தேடலைச் சேர்வர்த் திரையில் தொடங்க வேண்டாம், பில்லில் தொடங்குங்கள். பில் பிராந்தியவாரியாகப் பிரித்துக் காட்டும், அதில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது.

இவ்வளவும் உலகத்தில் எல்லாருக்கும் உள்ளது. நம்முடைய இரண்டு மாவட்டங்களுக்கும் உரிய காரணம் ஒன்று தனியே இருக்கிறது. இங்கே கணினி வேலைகளில் பெரும்பகுதி திட்ட அடிப்படையில் நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. 2011 ஜனவரி வெள்ளத்திலும் தொடர்ந்தது, 2024 நவம்பர் வெள்ளத்திலும் தொடர்ந்தது. அனர்த்தம் வரும். நன்கொடை வரும். பாதிக்கப்பட்டவர்களைப் பதிய ஒரு செயலி, விநியோகத்தைக் கண்காணிக்க ஒரு தளம், அறிக்கைக்கு ஒரு தரவுத்தளம் என்று அவசர அவசரமாகச் சேர்வர்கள் எழும்பும். திட்டம் முடியும் திகதி ஒப்பந்தத்தில் இருக்கும். சேர்வரை மூடும் திகதி எங்கேயும் இருக்காது. அமைத்த பிள்ளை கட்டாருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விடும். கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும், பணம் பணிப்பாளரின் வங்கி அட்டையில் கழியும். அது எதற்கான சேர்வர் என்று சொல்ல அலுவலகத்தில் ஓர் ஆளும் இருக்கமாட்டார்.

இந்த நிலையில்தான் "சும்மா கிடப்பதை அழி" என்ற கட்டளை வருகிறது. சும்மா கிடக்கிறது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அமேசனின் ஆலோசனைக் கருவியான ட்ரஸ்டட் அட்வைசர் ஒரு சேர்வரைக் குறைந்த பாவனை என்று சொல்ல எடுத்துக்கொள்கிற காலம் 14 நாட்கள். அந்த 14 நாளில் குறைந்தது 4 நாட்கள் சீபியூ பாவனை 10 வீதமும் நெட்வேர்க் பாவனை 5 மெகாபைட்டும் அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலே பட்டியலில் போட்டுவிடும். அமேசனின் இன்னொரு கருவியான கம்பியூட் ஒப்டிமைசரும் வழமையாக 14 நாளைத்தான் பார்க்கிறது. நாள் முழுக்கப் பொருள் விற்கிற இணையக் கடைக்கு 14 நாள் போதும். நமக்குப் போதுமா?

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்கை எடுங்கள். பெரும்போக அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை ஓடும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். ஒக்டோபர், நவம்பரில் விதைப்புக் காலத்தில் அந்தச் சேர்வரைப் பார்த்தால் அது செத்துப்போனது மாதிரித்தான் இருக்கும். ஆனால் யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தோம், யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. அறுகம்பேயில் தங்குமிடம் வைத்திருக்கிறவர்களின் பதிவுத் தளத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் வேலை. மாரிகாலத்தில் அது தூங்கும். ஸகாத் சேகரிப்புக்கு அமைத்த செயலி ரமழானில் எழும்பும். மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வரும், அன்னதானப் பதிவும் நன்கொடைப் பற்றுச்சீட்டும் அந்த நாட்களில்தான் ஓடும். பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துப் புலமைப்பரிசில் கணக்கை வருடத்தில் ஒரு தடவைதான் திறப்பார்கள்.

இந்த ஊரில் நேரம் கிழமைக் கணக்கில் ஓடுவதில்லை. போகம், நோன்பு, தீர்த்தம், சீசன், பரீட்சை என்று ஓடுகிறது. 14 நாள் வரைபடத்தைப் பார்த்து அழிக்கிறவர் நம்முடைய வருடத்தின் பெரும்பகுதியைப் பார்க்காமலே அழிக்கிறார். 30 நாள் காத்திருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற ஆலோசனையும் இங்கே சரிவராது. எந்தச் சேர்வர் எந்தக் காலத்துக்குரியது என்று தெரிந்தால் அந்தக் காலம் ஒரு தடவை வந்து போகும்வரை காத்திருங்கள். தெரியாவிட்டால் ஒரு பெரும்போகத்தை முழுதாகக் கடக்க விடுங்கள். அதன் டிஸ்க்கை ஸ்னாப்ஷொட்டாக, அதாவது அந்த நேரத்தில் இருந்தபடியே ஒரு பிரதியாக, எடுத்து வைத்தால் விலை ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 5 சதம் அளவில்தான். அதுவும் உண்மையில் எழுதப்பட்ட அளவுக்கு மட்டும். காத்திருப்பதற்கு நாம் கொடுக்கிற விலை அவ்வளவுதான்.

அவசரத்தின் விலை எவ்வளவு என்பதற்கு, நம்மைவிடப் பல மடங்கு பெரிய ஒரு நிறுவனத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 5ஆம் திகதி அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் செய்ய வெளிக்கிட்டது ஒரு துப்புரவு வேலையைத்தான். இனித் தேவைப்படாத ஒரு பழைய செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க வேண்டும். அதற்கான அடையாள எண்களை ஒரு குழு கொடுத்தது, இன்னொரு குழு அதைச் செய்கிற ஸ்கிரிப்டை (சிறு நிரலை) ஓட்டியது. கொடுக்கப்பட்டவை செயலியின் எண்கள் அல்ல, முழுத் தளங்களின் எண்கள். அந்த ஸ்கிரிப்டுக்கு இரண்டு வழிகள் இருந்தன: அழிக்கவென்று அடையாளம் போட்டு வைப்பது ஒன்று, நிரந்தரமாக அழிப்பது மற்றது. இரண்டாவது வழியில் ஓடியது. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் போய்விட்டன. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க 14 நாட்கள் எடுத்தன. பெக்கப் இருந்தது, தரவும் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பல தளங்களை ஒரே நேரத்தில் மீட்பதற்குப் பழகிய வழி அவர்களிடம் இருக்கவில்லை.

யாரையும் பழிப்பதற்காக அதை நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பொறியியலாளர்கள் வேலை செய்கிற இடத்திலேயே எண்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்று. மூன்று பேர் இருக்கிற நம்முடைய அலுவலகத்தில் ஒருவர் தனியே இருந்து அழித்தால் என்ன நடக்கும்?

அதனால் உங்கள் நிறுவனத்தில் ஒருவரை இந்தப் பொறுப்புக்கு நியமியுங்கள் என்று கேட்கிறேன். நம் வட்டைகளில் (வயல்வெளிகளில்) வட்டவிதானை என்று ஒருவரை விவசாயிகளே தெரிவு செய்து வைத்திருக்கிறார்கள். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது, எதை மூடுவது என்பதை அவர் காணிக்காரரோடு கதைத்துத்தான் முடிவெடுப்பார். தன் வயல் காய்ந்தது என்பதற்காக யாரும் தானாகப் போய் மடையைப் பூட்டமாட்டார்கள். கிளவுட் கணக்குக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் பெரிய நிபுணராக இருக்கத் தேவையில்லை. கணக்காளராகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு சேர்வரும் டிஸ்க்கும் யாருடையது, எதற்கானது, எந்த மாதத்தில் தேவைப்படும், எப்போது முடியும் என்ற நான்கு விடயங்களைப் பட்டியலில் வைத்திருப்பதும், அவர் சம்மதிக்காமல் எதுவும் அழியாமல் பார்ப்பதும்தான் வேலை. அந்த நான்கையும் கிளவுட்டிலேயே ஒவ்வொன்றின் மேலும் டேக் (குறிப்புச் சீட்டு) ஆக ஒட்டிவிடலாம், அதற்குச் செலவில்லை.

உரிமையாளர் தெரியாதவற்றுக்கு, முன்பு வேலை செய்தவர்களிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக் கேளுங்கள். தோஹாவில் இருந்தாலும் மெல்பேர்னில் இருந்தாலும் நம் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டால் ஒரு பின்னேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் விளக்குவார்கள். அதைவிடப் பெறுமதியான ஆவணம் உங்கள் அலுவலகத்தில் இருக்காது.

பிறகு நிறுத்துங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது யாராவது "தளம் வேலை செய்யவில்லை" என்று அழைத்தால், அதுவே உங்களுக்குத் தேவையான பதில். ஐந்து நிமிடத்தில் திரும்ப எழுப்பிவிடலாம். இரகசியமாக நிறுத்தாமல், நிறுத்தப் போகிறோம் என்பதை எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். நெட்பிளிக்ஸ் இதற்கென்றே ஜனிட்டர் மங்கி என்ற ஒரு மென்பொருளை எழுதி 2013இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. பாவிக்காததைக் கண்டால் அது அடையாளம் போடும், உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும், சில நாள் காத்திருக்கும், பிறகுதான் அழிக்கும். அவ்வளவு பெரிய நிறுவனம் இயந்திரத்துக்கே பொறுமையைச் சொல்லிக் கொடுத்தது.

நிறுத்தியதும் ஸ்னாப்ஷொட் எடுங்கள். எடுத்ததோடு விட்டுவிடாமல் அதிலிருந்து ஒரு சேர்வரை எழுப்பி, உள்ளே போய், தரவுத்தளத்தைத் திறந்து, கடைசிப் பதிவு தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்த ஒரு படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கு அதிகம் பயம் இதில்தான். 2017 ஜனவரி 31ஆம் திகதி, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பெக்கப் வழிகள் பல வைத்திருந்தார்கள், தேடிப் பார்த்தபோது ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. பெக்கப் தோல்வியடைகிறது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள்கூட வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷொட்தான் காப்பாற்றியது. நம் நாட்டுக்கு வந்தால், 2023 ஓகஸ்டில் அரச கிளவுட் மீது நடந்த ரான்சம்வேர் (தரவைப் பூட்டிக் காசு கேட்கிற) தாக்குதலில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. அந்த இடைக்காலத்துக்குப் பெக்கப் இருக்கவில்லை. பெக்கப் எடுத்திருக்கிறோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நிர்வாகி ஒருவர் கேட்கக்கூடிய மிகப் பெறுமதியான கேள்வி அதுதான், தொழில்நுட்பம் தெரியத் தேவையில்லை.

அந்த ஸ்னாப்ஷொட்டின் ஒரு பிரதி வேறொரு கணக்கிலும் இருக்கட்டும். 2014இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசன் கணக்குக்குள் புகுந்த ஒருவர் சேர்வரையும் அதன் பெக்கப்பையும் சேர்த்தே அழித்தார், இரண்டும் ஒரே கணக்கில் இருந்ததால். நிறுவனமே மூடப்பட்டது.

அழிக்கிற நாளில் கவனிக்க வேண்டியவை சில. சேர்வரை அழிக்கு முன் அதைக் காட்டுகிற டிஎன்எஸ் பதிவை, அதாவது உங்கள் இணையப் பெயரை அந்தச் சேர்வரோடு இணைக்கிற பதிவை, எடுத்துவிடுங்கள். சேமிப்பகத்தை அழித்துவிட்டுப் பெயரை அப்படியே விட்டால், அதே பெயரில் வேறு யாரோ ஒரு சேமிப்பகத்தைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் முகவரியிலேயே போலிப் பக்கம் போடலாம். நன்கொடை கேட்கிற தொண்டு நிறுவனத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஐபி முகவரியைக் கடைசியாகத்தான் கைவிட வேண்டும். வங்கியின் கட்டண நுழைவாயில் அந்த முகவரியை மட்டும்தான் அனுமதித்திருக்கலாம். விட்ட முகவரி பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது, வங்கியில் மாற்றி எடுக்கக் கிழமைக்கணக்கில் அலைய வேண்டும். தரவைப் பூட்டித் திறக்கிற, அமேசனின் கேஎம்எஸ் குறியாக்கச் சாவிகளில் கை வைக்கவே வேண்டாம். ஒரு சாவிக்கு மாதம் 1 டொலர். அந்த 300 ரூபாயை மிச்சம் பிடிக்க அதை அழித்தால், அந்தச் சாவியால் பூட்டிய எல்லா டிஸ்க்கும் எல்லா ஸ்னாப்ஷொட்டும் என்றைக்கும் திறக்காது. 7 முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள், அது தாண்டினால் அமேசனாலேயே மீட்க முடியாது.

அழித்த ஸ்னாப்ஷொட்டைத் திரும்ப எடுக்க உதவுகிற, அமேசனின் ரீசைக்கிள் பின் என்ற வசதியை அழிக்கிற வேலை தொடங்குமுன்பே போட்டு வைக்க வேண்டும். பிறகு போட்டால் முன்பு அழித்தவை வராது. ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம். டெராபோர்மில் (சேர்வர்களை நிரலாக எழுதி அமைக்கிற கருவியில்) உருவாக்கியவற்றைத் திரையில் போய்க் கையால் அழிக்க வேண்டாம், அடுத்த தடவை அது திரும்ப உருவாக்கிவிடும். அழிக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்து எண்களை வாசிக்கட்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேண்டவே வேண்டாம்.

காத்திருக்கத் தேவையில்லாத மிச்சங்களும் இருக்கின்றன, மாத முடிவுக்குள் ஒரு இலக்கம் காட்ட வேண்டும் என்கிறவர்கள் அவற்றில் தொடங்கலாம். அறுந்துபோன பதிவேற்றத் துண்டுகளை ஏழு நாளில் அகற்ற ஒரு விதி. பழைய ஜிபி2 வகைச் சின்ன டிஸ்க்குகளை ஜிபி3க்கு மாற்றினால் விலை ஐந்தில் ஒரு பங்கு குறையும், சேர்வரை நிறுத்தவும் தேவையில்லை. பரிசோதனைச் சேர்வர்களை வேலை நாட்களில் பகலில் மட்டும் 12 மணி நேரம் ஓட விட்டால், கிழமையின் 168 மணி நேரத்தில் 60 மணிக்குத்தான் காசு. பின்னால் ஒன்றுமில்லாத நாட் கேட்வே. செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்புகிற பட்ஜெட் எச்சரிக்கை. தரவை இழக்கிற ஆபத்து இவற்றில் இல்லை, பல கணக்குகளில் பில்லின் நல்ல பங்கு இதிலேயே குறைந்துவிடும்.

தொண்டு நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பழைய டிஸ்க்குகளில் கிடப்பது வெறும் கோப்புகள் அல்ல. கணவனை இழந்த பெண்களின் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எண், காணி உறுதியின் படம், யார் வீட்டில் யார் காணாமல் போனார் என்ற விபரம். நம்முடைய மாவட்டங்களில் அப்படி ஒரு பட்டியல் தவறான கையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. யாரும் பார்க்காத சேர்வரில் மென்பொருள் புதுப்பிப்பும் நடக்காது. யாரோ ஒருவர் கவனமில்லாமல் ஸ்னாப்ஷொட் ஒன்றைப் பொதுவாகத் திறந்துவிட்டால் உலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேல் ஒருவருடைய தகவலை வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒரு போகம் காத்திருங்கள் என்று நான் சொல்வதை, என்றைக்கும் வைத்திருங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் அந்தச் சேர்வர் இணையத்துக்கு மூடியிருக்கட்டும், ஸ்னாப்ஷொட் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கட்டும். காலம் முடிந்ததும், அந்தக் குடும்பங்களுக்கே பின்னொரு நாள் தேவைப்படக்கூடிய ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மிச்சத்தைத் திரும்ப வராதபடி அழியுங்கள், அழித்த திகதியை எழுதி வையுங்கள்.

நிதி கொடுக்கிறவர்களுக்கும், அதிலும் புலம்பெயர்ந்து வாழும் நம் உறவுகளுக்கு, ஒரு வேண்டுகோள். திட்ட வரவுசெலவில் செயலி உருவாக்க ஒரு தொகை போடுகிறீர்கள். அதை மூடவும் ஒரு வரி போடுங்கள். தரவை ஒப்படைக்க, ஸ்னாப்ஷொட்டை ஒரு போகம் வைத்திருக்க, கடைசியில் அழிக்க ஒருவருக்கு ஒரு கிழமைச் சம்பளம். உருவாக்கச் செலவோடு பார்த்தால் மிகச் சிறிய தொகை. இன்று பலருடைய அட்டைகளில் மாதாமாதம் கழிகிற காசு, அந்த ஒரு வரி இல்லாததால் கழிகிற காசுதான்.

உங்கள் பொறியியலாளர்கள் சார்பிலும் ஒரு வார்த்தை. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்து வெளியேறுகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் அழிக்கிற வேலை அனுபவத்தில் வருவது, அதை முதல் மாதத்தில் தனியே கொடுத்துவிட்டு, தவறினால் அவர்கள் மேல் பாயாதீர்கள். பார்க்கமட்டும் முடிகிற அனுமதியை முதலில் கொடுங்கள். பட்டியலை அவர்களே தயாரிக்கட்டும், கேள்வி கேட்கட்டும். "இது எதற்கென்று தெரியவில்லை, அழிக்கப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தப் பிள்ளை வேலையைச் சரியாகச் செய்கிறது.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும், என்ன ஒழுங்கில் நிறுத்துவது, அழிக்கிற நாளில் யார் யார் கையெழுத்துப் போடுவது என்பதையெல்லாம் ஒரே தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கிற எந்த நிறுவனத்துக்கும் காசில்லாமல் தருவேன். களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஒரு சனிக்கிழமை இடம் ஒன்று தந்தால், உங்கள் பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் ஒன்றாக இருத்தி, அவரவர் பில்லை அவரவர் முன்னால் திறந்து வைத்துச் செய்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். வரும்போது கடைசி மூன்று மாத பில்லையும், முன்பு வேலை செய்தவர்களின் தொடர்பு இலக்கங்களையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கிளவுட் பராமரிப்பில் வேலை செய்யும் ஒருவன்,
களுவாஞ்சிகுடி.